சமாளித்ததையும் எழுதி வையுங்கள்: இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு,



மாதக் கடைசியில் டியூட்டி லிஸ்ட்டைப் பென்சிலால் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, ஒருத்தியின் தம்பி கல்யாணத்துக்கும் இன்னொருத்தி பிள்ளையின் பரீட்சைக்கும் இடம் பார்த்து, ஒருவழியாகப் பேனாவால் முடித்துச் சூப்பரின்டெண்டென்ட் அறைக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, உங்கள் வார்டில் வேலை செய்யும் பெண்களும் 'பிரதர்'களும் என்றைக்குத் தூங்குவார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், தீபாவளிக்கு வீட்டில் இருப்பார்களா என்பதை அமைச்சரும் டீனும் முடிவு செய்வதில்லை. அந்தக் கட்டம் போட்ட தாள்தான் முடிவு செய்கிறது. செவிலியர்களின் பணிச்சுமையைப் பற்றிய இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுவது அதனால்தான். அந்தத் தாளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவள்தான் நானும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஆள் இல்லாத நாட்களை நாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். சமாளித்ததை மட்டும் எங்கேயும் எழுதுவதில்லை. எழுதாததால் மேலே இருப்பவர்கள் கண்ணுக்கு அங்கே ஒரு குறை இருப்பதாகவே தெரிவதில்லை. அந்தக் குறையை உங்கள் வார்டுப் பெண்கள் தங்கள் தூக்கத்தாலும் மனதாலும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மெடிக்கல் வார்டின் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது படுக்கை, வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்கள் தனி. லிஸ்ட்டில் நைட் டியூட்டிக்கு மூன்று பெயர். ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. இன்னொருத்தியை, ஐ.சி.யு.வில் ஆள் இல்லை என்று ஒன்பது மணிக்கு அழைத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒருத்தி. பத்து மணி ஆன்டிபயாடிக் முடிவதற்குள் பன்னிரண்டு மணி சுகர் செக் வந்துவிடுகிறது. இடையில் ஒரு பெரியவர் கையிலிருந்த வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்கிப் போடுகிறார், ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு இறங்குகிறது, டியூட்டி டாக்டருக்குப் போன், இரண்டு மணிக்குப் புது அட்மிஷன். "டிரிப்ஸ் முடியப் போகுதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று நோயாளியோடு இருக்கும் ஒரு அட்டெண்டர் குரலை உயர்த்துகிறார். காலையில் நீங்கள் வந்து "எப்படிம்மா போச்சு?" என்று கேட்கிறீர்கள். "எப்படியோ சமாளிச்சிட்டேன் சிஸ்டர்" என்கிறாள். ரிப்போர்ட் புக்கில் மொத்த நோயாளிகள் இத்தனை, புது அட்மிஷன் இத்தனை, டி.ஐ.எல். (கவலைக்கிடமானவர்கள்) இத்தனை, இறப்பு இல்லை என்று இருக்கிறது. கீழே ஒரு கையெழுத்து.

அந்த இரவை ஒருத்தி தனியாக ஓட்டினாள் என்பதற்கு அந்த நோட்டில் தடயமே இல்லை. மூன்று பேர் இருந்திருந்தாலும் அதே வரிகள்தான் இருந்திருக்கும். அதைப் படிக்கிற அதிகாரிக்கு ஒருவரே போதும் போலிருக்கிறதே என்று தோன்றினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நாம் எழுதாதவர்கள் அல்ல. மருந்து ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை எழுதுகிறோம். எமர்ஜென்சி டிரேயில் அட்ரினலின் எத்தனை ஆம்பூல் என்று எழுதுகிறோம். சலவைக்குப் போன போர்வை எத்தனை, கழிவுப் பை எத்தனை கிலோ, எல்லாவற்றுக்கும் ரெஜிஸ்டர் உண்டு. தரச்சான்று ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் மாதக்கணக்கில் ஃபைல் தைக்கிறோம். எழுதாத வேலை செய்யாத வேலை என்று நர்சிங் ஸ்கூலில் முதல் வருடமே நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாம், ஒரு ஷிப்டில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள், அதனால் எது நடக்காமல் போனது என்ற மூன்றை மட்டும் எழுதுவதில்லை.

அப்படி எழுதாமல் கடந்த இரவுகள் சேர்ந்து சேர்ந்துதான் பர்ன்அவுட் ஆகிறது. அந்தச் சொல்லை 1974இல் மருத்துவ உலகில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். ஓர் இலவச மருத்துவ மையத்தில் தொண்டு செய்ய வந்தவர்கள் சில மாதங்களில் ஓய்ந்துபோவதை அவர் கவனித்தார். ஒப்புக்கு வந்தவர்களைவிட, உயிரைக் கொடுத்து உழைத்தவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். அவர்கள் சொன்ன மூன்று அடையாளங்களையும் உங்கள் வார்டிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முதலாவது, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. ஆஃப் முடிந்து வருகிறவள் யூனிஃபார்ம் மாட்டும்போதே சோர்ந்திருக்கிறாள். இரண்டாவது, மனிதர்களிடமிருந்து மனம் விலகிப்போவது. போன வருடம் ஒவ்வொரு பாட்டியிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவள், இன்று "ஏழாம் பெட்டுக்கு எப்பப் பாரு ஒரு நச்சரிப்பு" என்கிறாள். மூன்றாவது, "என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது?" என்ற சலிப்பு. அடிபிடித்த பால் மேலே வெள்ளையாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும். அப்படித்தான் இவர்களும். ஊசி நேரத்துக்குப் போட்டிருப்பார்கள், சார்ட் நிரம்பியிருக்கும், ஒரு குறை சொல்ல முடியாது. நோயாளியின் வீட்டார் மட்டும் "அந்த சிஸ்டர் சிடுமூஞ்சி" என்று உங்களிடம் வந்து புகார் சொல்வார்கள். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறோம். பெரும்பாலும் அது திமிர் அல்ல, அந்த இரண்டாவது அடையாளம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது பர்ன்அவுட்டை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தில் நாட்பட்ட அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வரும் நிலை என்றுதான் வரையறுத்தது. நமக்கு இது முக்கியம். கோளாறு அந்தப் பெண்ணின் மனதில் இருந்தால் அவளுக்கு மாத்திரை கொடுக்கலாம். கோளாறு வேலை நடக்கும் விதத்தில் இருந்தால் மாற வேண்டியது வேலை.

நம் வேலையின் அமைப்பே எப்படி மனதை மரத்துப்போகச் செய்கிறது என்பதை இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960இலேயே எழுதிவிட்டார். லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையில், நர்சிங் மாணவிகளை வேலைக்குப் பிரித்து அனுப்புவதில் வந்த சிக்கலுக்காக அவரை அழைத்திருந்தார்கள். அங்கே மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கண்டது இது: சாவையும் வேதனையையும் அன்றாடம் பார்ப்பதன் பயத்திலிருந்து தப்ப, மருத்துவமனை தன் வேலையையே துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. ஒரு செவிலி எல்லா நோயாளிகளுக்கும் ஒரே ஒரு வேலையைச் செய்துகொண்டு போவாள், யாரோடும் ஒட்டமாட்டாள். நோயாளிக்குப் பெயர் இல்லை, படுக்கை எண்ணோ கெட்டுப்போன உறுப்போதான் அடையாளம். பயம் குறையட்டும் என்று செய்த இந்த ஏற்பாடு, நர்சாக வேண்டும் என்று வந்த பெண்களுக்கு வேலையில் கிடைக்கும் நிறைவையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டது. நல்ல பெண்கள் கிளம்பிப் போனார்கள்.

நம் வார்டுகளிலும் ஒருத்தி ஊசி, ஒருத்தி பி.பி., ஒருத்தி கேஸ் ஷீட், ஒருத்தி டிஸ்சார்ஜ் என்றுதானே பிரிக்கிறோம்? ஆள் குறைவாக இருக்கும்போது இப்படிப் பிரித்தால் வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் பகல் ஷிப்டிலாவது ஒருத்திக்கு ஒரு வரிசை என்று நோயாளிகளைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். தன் வரிசைத் தாத்தா நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கிறவளுக்கு, "என்ன செஞ்சு என்ன" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

களைப்பைவிட ஆழமாக அறுக்கிற ஒன்றும் உண்டு. செய்ய வேண்டியது எது என்று தெரியும். இருக்கிற நிலைமை செய்ய விடாது. ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1984இல் செவிலியர் அறம் பற்றி எழுதும்போது இந்த வேதனையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். உயிர் பிரியப் போகிற ஒரு அம்மாவின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு செவிலிக்குத் தெரியும். எதிர் வரிசையில் ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது. ஓடுகிறாள். திரும்பி வரும்போது அந்த அம்மா இல்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் அவள் டெத் சம்மரிக்கு ஃபார்ம் தேடுகிறாள். கொரோனா காலத்தில் வீட்டார் யாரும் உள்ளே வர முடியாதபோது எத்தனை பேருக்கு நம் பெண்களே கடைசி முகமாக இருந்தார்கள் என்று யோசியுங்கள். "நீ என்ன செய்திருக்க முடியும்?" என்றுகூட அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஓர் இறப்புக்குப் பிறகு, ஹேண்ட் ஓவர் முடிந்து ஐந்து நிமிடம், அந்த ஷிப்டில் இருந்தவர்களை மட்டும் நிறுத்தி என்ன நடந்தது என்று பேச விடுங்கள். விசாரணை வேண்டாம், பேச்சு போதும். இதற்கு அரசாணை தேவையில்லை.

ஆட்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளி என்பது நம் சௌகரியம் சம்பந்தப்பட்ட கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செவிலியின் பொறுப்பில் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. அந்தச் செவிலி பர்ன்அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. இரண்டும் ஒரே கணக்கில் வந்ததைக் கவனியுங்கள். அவள் ஓய்ந்துபோவதும் நோயாளி ஆபத்தில் விழுவதும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் செய்த ஆய்விலும் இறப்பைப் பற்றிய அதே 7 சதவீதம் வந்தது.

கலிபோர்னியா இதற்கு 1999இல் சட்டமே போட்டு 2004இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே பொது வார்டில் எந்த நேரத்திலும் ஒரு செவிலிக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கிடையாது, ஐ.சி.யு.வில் இரண்டு. இங்கே இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் இருக்கிறது. பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் பணியிடம். ஷிப்டுகளாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஒன்பது படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட அதற்கு மேல் 30 சதவீதம். உங்கள் வார்டில் அந்த 30 சதவீதம் எங்கே இருக்கிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வராத இரவில், அவளுக்குப் பதில் வந்திருக்க வேண்டியவள் அந்த 30 சதவீதத்தில்தான் இருந்தாள். அந்த இடத்தை நிரப்பாமல், வராதவளைப் பொறுப்பில்லாதவள் என்றும் வந்தவளைத் தங்கமான பெண் என்றும் பேசிப் பழகிவிட்டோம். இன்னொன்று, அளவுகோல் படுக்கையை எண்ணுகிறது. பாயில் படுத்திருப்பவர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

அரசுத் துறையில் இதோடு நிலையில்லாத வேலையும் சேர்ந்துகொண்டது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பக்கத்தில் அதே ஊசி போடும் நிரந்தரப் பணியாளருக்குக் கிடைத்தது பல மடங்கு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனாவில் அவசரமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. தொகுப்பூதியத்தில் இருப்பவள் டபுள் டியூட்டிக்கு 'முடியாது' என்று சொல்லமாட்டாள். அடுத்த புதுப்பித்தல் அவள் கண்முன் நிற்கும். லிஸ்ட்டில் ஓட்டை விழும்போதெல்லாம் நம் கை முதலில் அவள் பெயரைத் தேடுவதும் அதனால்தான்.

தனியார் மருத்துவமனைப் பெண்களின் நிலை இதைவிட மௌனமானது. கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, அசல் சான்றிதழை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு வேலை செய்கிறவர்கள் உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு 2016இல் பரிந்துரை தந்தது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அந்த மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவானதிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அந்தத் தொகையை இன்றும் கண்ணால் பார்க்காதவர்கள் ஏராளம். இவர்கள் போராட்டத்துக்கு வருவதில்லை. மாலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள். ஒருநாள் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு, வென்ஃப்ளான் போடவே கை நடுங்கும் புதுப்பெண் வருகிறாள். அவளைப் பழக்குவதும் உங்கள் தலையில்தான்.

இனி நான் கேட்பது. ரிப்போர்ட் புக்கில், நோயாளிகள் கணக்குக்குக் கீழே, ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வேளைக்கு இருக்க வேண்டியவர் எத்தனை, இருந்தவர் எத்தனை. படுக்கையில் எத்தனை நோயாளி, தரையில் எத்தனை. ஆள் இல்லாததால் நடக்காமல் போனது எது. மூன்றாவது வரிதான் கடினம். அமெரிக்காவில் பீட்ரிஸ் காலிஷ் என்ற செவிலியர் ஆய்வாளர் 2006இல், விடுபட்டுப் போகும் பராமரிப்பைப் பற்றி வார்டுச் செவிலியர்களிடம் பேசி எழுதினார். எது விடுபடுகிறது என்று பார்த்தால் நமக்கு அச்சு அசலாகப் பொருந்தும்: படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போடுவது, எழுப்பி நடக்க வைப்பது, ஊட்டிவிடுவது, வாய் சுத்தம், வீட்டுக்குப் போகிறவருக்கு மருந்தை விளக்குவது. ஊசி விடுபடாது, ஏனென்றால் அதற்குக் கட்டம் இருக்கிறது. கட்டம் இல்லாத வேலைகள்தான் ஓசையில்லாமல் உதிர்கின்றன. சில நாளில் முதுகில் படுக்கைப்புண் வருகிறது. அப்போது மட்டும் "யார் டியூட்டி?" என்று கேள்வி எழுகிறது.

"எழுதினால் மெமோ வருமே" என்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் இதை ஒரு பெண்ணின் வாக்குமூலமாக எழுத வேண்டாம், வார்டின் கணக்காக எழுதுங்கள் என்கிறேன். பெயர் வேண்டாம், எண்கள் போதும். 'மூவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர், 52 நோயாளிகள், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் போட வேண்டிய ஆறு பேரில் இருவருக்கே செய்ய முடிந்தது.' இதில் குற்றச்சாட்டும் இல்லை, புலம்பலும் இல்லை. நடந்த அன்றே எழுதியதாகவும் இருக்க வேண்டும். பிரச்சினை வந்தபின் எழுதினால் அது சமாதானம் போலத்தான் தெரியும். நாளைக்கே ஏதோ ஒரு விசாரணை வந்தால், அந்த இரவில் அவள் நிலைமை என்ன என்று சொல்ல அந்த ஒரு வரியைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி கிடையாது. கீழே ஷிப்டில் இருந்தவரோடு நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். ஒற்றைக் கையெழுத்தை மிரட்டுவது சுலபம்.

அடுத்தது லிஸ்ட். ஆள் எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை; இருக்கிற ஆட்களை எந்த வரிசையில் சுழற்றுவது என்பது ஓரளவு உங்கள் கையில்தான். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் முன்னோக்கி நகர்ந்தால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். பின்னோக்கித் தள்ளினால் தவிக்கும். மாலை ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய், காலை ஷிப்டுக்குத் திரும்புகிறவளுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் மிஞ்சுகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஐரோப்பியத் தொழிலாளர் விதிப்படி இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு கட்டாயம். அந்த அளவை உங்கள் பென்சிலுக்கு நீங்களே விதியாக வைத்துக்கொள்ளலாம். இரவுப் பணி சாதாரண விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும் மறுபடி 2019இலும் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆகவே நைட் முடித்தவளை மதியம் மீட்டிங்குக்கு வரச் சொல்லாதீர்கள். பயிற்சி வகுப்பை ஆஃப் நாளில் வைக்காதீர்கள். மனஅழுத்தத்தைக் குறைக்க என்று யோகா வகுப்பு வைத்து, அதற்கு ஆஃப் நாளில் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிற நிர்வாகங்களும் இருக்கின்றன. யோகா நல்லதுதான்; அதைவிட அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் நல்லது.

மருந்து கொடுக்கும் நேரத்தில் செவிலியை யாரும் கூப்பிடாத ஏற்பாடு ஒன்று செய்யுங்கள். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்களை உடனிருந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து தரும்போது குறுக்கீடுகள் கூடக்கூடத் தவறுகளும் கூடின, தவறின் கடுமையும் கூடியது. நம் வார்டில் அந்த அரைமணியில்தான் போன் அடிக்கும், லினன் எண்ண ஆள் வருவார், காப்பீட்டுத் திட்டப் பதிவுக்கு ஆதார் நகல் எங்கே என்று கம்ப்யூட்டர் அறையிலிருந்து கேட்பார்கள், டிரிப்ஸ் முடிந்தது என்று நாலு அட்டெண்டர்கள் நிற்பார்கள். அந்த நேரத்தில் போனையும் அட்டெண்டர்களையும் நீங்களோ ஓர் உதவியாளரோ பார்த்துக்கொண்டால் போதும். அப்படியும் தவறு நடந்தால், முதலில் நோயாளியைப் பாருங்கள்; அடுத்து அந்தப் பெண்ணைப் பாருங்கள்; மெமோவை அதற்கப்புறம் எடுக்கலாம். தவறு செய்தவளை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்கிற வார்டில், அடுத்த தவறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அட்டெண்டர்கள் கை ஓங்கினால், "போகட்டும்மா, அவங்க துக்கத்துல இருக்காங்க" என்று முடித்துவிடாதீர்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. செவிலியர்களும் அதில் அடக்கம். புகார் கொடுக்கப் போகிறவளோடு நீங்கள் ஒருவர் கூட நடந்தால் போதும்.

இன்னொன்று. உங்கள் வார்டில் யாராவது சிரிப்பதை நிறுத்தியிருக்கலாம், திடீரென்று அடிக்கடி லீவ் போடலாம், ஸ்டோர் ரூமில் தனியாக நின்று கண்ணைத் துடைக்கலாம். "நான் இருந்து என்ன?" என்று ஒருமுறை சொன்னால்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அந்த எண்ணை டியூட்டி ரூம் கதவில் ஒட்டி வையுங்கள். ஒட்டுவதோடு விடாமல், "போன் பண்ணியாம்மா?" என்று மறுநாள் கேளுங்கள். பர்ன்அவுட் நோய் அல்ல என்றாலும் அது முற்றினால் மனச்சோர்வு நோய் வந்து சேரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். மேலே இருந்து வரும் கோபத்தை வாங்கி, கீழே போகாமல் வயிற்றில் வைத்துக்கொள்கிறவர்கள் நீங்கள். ஆஃப் நாளில் குழம்பு கொதிக்கும்போதும் "சிஸ்டர், நைட்டுக்கு ஒரு ஆள் குறையுது" என்று போன் வரும். வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் போனை இன்னொரு இன்சார்ஜ் எடுக்கட்டும். அவருடையதை நீங்கள் எடுங்கள்.

ஒவ்வொரு மே 12, செவிலியர் தினத்தன்றும் கேக் வெட்டி, மெழுகுவத்தி ஏற்றி, கைவிளக்கேந்திய காரிகை என்று நைட்டிங்கேல் அம்மையாரைப் புகழ்கிறோம். 'தேவதைகள்', 'தியாகம்' என்று மேடையில் பேசுவார்கள். அந்த அம்மையார் விளக்கை மட்டும் ஏந்தவில்லை. கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்த சிப்பாய்களே மிக அதிகம் என்று மாதவாரியாக எண்ணி, 1858இல் அதைப் படமாகவே வரைந்து ஆட்சியாளர்கள் முன் வைத்தார். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. தியாகத்தைக் கேட்டால் கைதட்டுவார்கள், பட்ஜெட்டில் இடம் தரமாட்டார்கள். எண்ணுக்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே மாதக் கடைசியில் அந்த மூன்று வரிகளையும் கூட்டி ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: இந்த மாதம் ஆள் குறைந்த ஷிப்ட் எத்தனை, அதிகபட்ச நோயாளிகள் எத்தனை, விடுபட்டது என்னென்ன. ஒரு நகலைச் சூப்பரின்டெண்டென்டுக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகல் சங்கத்துக்கு. அரசு மருத்துவமனை என்றால் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சங்கமே கேட்கலாம். அந்தப் பதிலையும் உங்கள் பக்கத்தையும் ஒன்றாக வைத்தால் மீதி தானாகத் தெரியும். முதல் மாதம் பதில் வராது. இரண்டாவது மாதம் "எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்று போன் வரும். மூன்றாவது மாதமும் அனுப்புங்கள். ஒரு வார்டு அனுப்பினால் அதைப் புகார் என்பார்கள். மருத்துவமனையின் எல்லா வார்டுகளும் அனுப்பினால் அதற்குக் கோப்பு எண் போட்டே ஆக வேண்டும்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற ஒரு வார்டு இன்சார்ஜ்